ரட்டர் பெடல் ஒரு பக்கம் கனக்கிறது என்று பைலட் எழுதினால் எங்கே தேடுவது?

தம்பி, உன்னோடு படிக்கிற மற்ற பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். நீ பயிற்சிக்குப் போன ஹேங்கரில் (விமானக் கொட்டகை) ஒரு செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் சிறு விமானம். "வலது ரட்டர் பெடல் கனமாக இருக்கிறது" என்று பைலட் ஸ்னாக் (குறைக் குறிப்பு) எழுதியிருக்கிறார். ரட்டர் என்பது செங்குத்து வாலின் பின்னால் அசைந்து மூக்கை இடம் வலம் திருப்பும் பலகை; காலால் அழுத்தும் பெடல் கேபிள் வழியாக அதை இழுக்கிறது. வால் பக்கத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்திருக்கிறார்கள். கேபிள் பளிச்சென்று இருந்ததாம். "பார்த்தோம், குறை இல்லை" என்று எழுதி விமானத்தை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே ஸ்னாக் திரும்ப வந்துவிட்டது. எங்கே தேடியிருக்க வேண்டும், ரட்டர் அமைப்பில் வழக்கமாக எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாய்.

கண்ணுக்குத் தெரிகிற நீளத்தில் கேபிள் நன்றாக இருந்தால், அந்த நீளம் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். ரட்டர் அமைப்பு கெடுவது வளைகிற இடத்தில், மூடிக்குப் பின்னால் மறைகிற இடத்தில், ஒரு பாகம் இன்னொன்றோடு சேர்கிற இடத்தில். அந்த இடங்களுக்குக் கையும் கண்ணாடியும் போகாமல் "குறை இல்லை" என்று யாரும் எழுதக் கூடாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அந்த பைலட்டைப் பிடித்துப் பேசு. எப்போது கனத்தது? டாக்ஸியிலா (தரையில் ஓட்டும்போதா), மேலே ஏறும்போதா, நேராகப் பறக்கும்போதா? 172-இன் ப்ரொப்பெல்லர் பைலட் பார்வைக்கு வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. முழு பவரில் மூக்கைத் தூக்கி ஏறும்போது விமானம் இடது பக்கம் இழுக்கும், வலது காலை விடாமல் அழுத்தித்தான் ஆக வேண்டும். புதிதாகப் பறக்கும் மாணவர் அதைப் பெடல் கனமாக இருப்பதாகவே நினைப்பார். நேராக, சீரான வேகத்தில் போகும்போதும் பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்காமல் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால் விஷயம் வேறு. ரட்டரின் பின்விளிம்பில் தரையில் வைத்து வளைத்துச் சரிசெய்யும் சின்ன ட்ரிம் தகடு இருக்கிறது. கழுவும்போதோ நிறுத்தி வைக்கும்போதோ யாராவது அதில் கை வைத்திருக்கலாம். டாக்ஸியில் மட்டும் கனம் என்றால் தேடுகிற இடமே மாறிவிடுகிறது. இந்த ஒரு பேச்சு பாதி நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

172 தரையில் நிற்கும்போது பெடல் ரட்டரோடு மூக்குச் சக்கரத்தையும் திருப்புகிறது. ஸ்பிரிங் வைத்த இரண்டு ஸ்டியரிங் தண்டுகள் வழியாகப் பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரி. ஒரு பக்க பிரேக்கையும் அழுத்தினால் 30 டிகிரி வரை. கயிறு கட்டியோ டோ-பார் போட்டோ இழுப்பவர்கள் அந்த எல்லையைத் தாண்டித் திருப்பினால் ஸ்டியரிங் பாகங்கள் வளையும், அடி வாங்கிய பக்கம் கனக்கும். ஒரு பக்கம் மட்டும் கனம் என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். விமானம் தரையில் நிற்கும்போது பின்னால் போய் ரட்டரைக் கையால் தள்ளிப் பார்க்கும் பழக்கமும் இதனாலேயே தவறு. ரட்டரை அசைத்தால் மூக்குச் சக்கரம் வரை இழுபடும்.

ஆகவே பிரித்துப் பிரித்துத் தேடு. மேனுவல் சொல்கிற முறையில் வாலைத் தாழ்த்தி மூக்குச் சக்கரத்தைத் தரையிலிருந்து எடு. ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் கால்) முழுதாக நீண்டதும் சக்கரம் நடுவில் பூட்டிக்கொள்ளும். அதன்பின் பெடலை அழுத்தினால் சக்கரம் திரும்பாது, ஸ்டியரிங் தண்டின் ஸ்பிரிங்தான் அமுங்கும். எதிர்ப்பு முழுதாகப் போய்விடாது என்பதை மறக்காதே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே மாதிரி ஆகிவிட்டால் குறை சக்கரப் பக்கம். காலர் (தண்டுகள் வந்து சேரும் வளையம்), ஷிம்மி டேம்பர் (சக்கர நடுக்கத்தை அடக்கும் பாகம்), ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளைப் பார்.

இன்னும் வலது பக்கம் கனக்கிறதா? வாலில் ரட்டர் ஹார்னிலிருந்து (கேபிள் மாட்டும் கை) கேபிள்களைக் கழற்று. இப்போது ரட்டர் தனியாக நிற்கிறது. ஒரு விரலால் அசைத்துப் பார், முழு தூரமும் ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் எங்காவது பிடித்தால் குறை ஹிஞ்சில் (கீல்). ரட்டர் சீராகப் போனால் கேபிள், புல்லி (கப்பி), பெடல் மூன்றில் ஒன்று. கேபிளை முன்னும் பின்னும் கையால் இழுத்து, எந்த புல்லி சுற்றாமல் நிற்கிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும். பெடல் பக்கம் என்றால் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் முனைகளையும் விடாதே. அந்த மூட்டு இறுகினாலும் காலுக்குக் கனம்தான் தெரியும்.

இனி கேபிள். சின்ன விமானங்களில் அதிகம் இருப்பது 1/8 அங்குலம், 7x19 வகை. ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை, மொத்தம் 133 இழைகள். கால்வனைஸ் செய்த கார்பன் ஸ்டீலாக இருந்தால் அறுபடும் சுமை 2,000 பவுண்ட், ஸ்டெயின்லெஸ் என்றால் 1,760 பவுண்ட். ஒரு மனிதக் காலால் அறுக்க முடியாத பலம். ஆனாலும் கேபிள் அறுந்திருக்கிறது, ஏனென்றால் இழை ஒவ்வொன்றாகப் போகிறது. உங்கள் வீட்டுப் படகில் வின்ச் (கயிறு சுற்றும் உருளை) வயர் எங்கே முள் முள்ளாக நிற்கும் என்று அப்பாவைக் கேள். கப்பியில் ஏறி வளைகிற நீளத்தில் என்பார். இங்கேயும் அதேதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி கையேடு இதைத் தெளிவாக வரையறுக்கிறது: புல்லி, ஸ்லீவ், ஃபேர்லீட் (கேபிளை வழிநடத்தும் துளை) வழியாகப் போய் வளைகிற அல்லது உரசுகிற நீளமும், முனையில் அழுத்திப் பொருத்திய ஃபிட்டிங்கிலிருந்து ஓர் அடிக்குள் வருகிற நீளமும் சோர்வு அதிகமாகும் பகுதிகள்.

பார்க்கும் முறை: பெடலை ஒருவர் ஒரு கடைசி வரை அழுத்திப் பிடிக்கட்டும். புல்லிக்குள் ஒளிந்திருந்த நீளம் வெளியே வரும். காய்ந்த துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழு. அறுந்த இழை துணியில் மாட்டும். வெறும் கையால் செய்யாதே, விரல் கிழியும். பிறகு பெடலை அடுத்த கடைசிக்கு அழுத்தச் சொல்லி மறுபடியும் செய். துணி மாட்டவில்லை என்பதாலேயே இழை அறவில்லை என்று ஆகாது. சில இழைகள் அறுந்தும் இருந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கும். சந்தேகம் இருந்தால் கேபிளைத் தளர்த்தி, வெளியே எடுத்து, அந்த நீளத்தைத் தளர்வாக வளைத்துப் பார். அறுந்த முனை தலை தூக்கும்.

துருவும் இப்படித்தான். காசிமேட்டில் வளர்ந்த உனக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற விமானத்தின் வால் கூம்புக்குள் அதே ஈரம்தான் தேங்குகிறது. வெளியே லேசான துரு தெரிந்தால் கேபிளின் இழுவையைத் தளர்த்திவிட்டு, புரிக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் முறுக்கிப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே துரு இருந்தால் பேச்சே இல்லை, கேபிள் மாற்ற வேண்டும்.

இதில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு கெடுதல் உண்டு. கேபிளைச் சுத்தமாக்குகிறேன் என்று பெட்ரோலிலோ கரைப்பானிலோ ஊறத் துடைப்பார்கள். கேபிள் பளபளக்கும். ஆனால் புரிகளுக்கு உள்ளே தயாரிப்பின்போதே வைத்த மசகு கரைந்து போய், அந்த இடத்தில் நம் ஊர் ஈரம் புகுந்துவிடும். காய்ந்த துணியால் துடைப்பது போதும். அதன் மேல் மேனுவல் அனுமதிக்கும் துருத்தடுப்பு எண்ணெயை மெல்லப் பூசு. நீ பார்த்த கேபிள் பளிச்சென்று இருந்தது என்று எழுதியிருந்தாய். எதனால் பளிச்சென்று இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்காதது எனக்கு உறுத்துகிறது. உரசி உரசியும் கேபிள் பளிச்சென்று ஆகும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கி, இழைகள் தட்டையாகி ஒன்றோடொன்று சேர்ந்தாற்போல் இருந்தால் அது தேய்மானம்.

முனைகளில் டர்ன்பக்கிள், அதாவது நடுவிலுள்ள பேரலைத் திருகிக் கேபிளை இறுக்கும் பாகம். பேரலுக்கு வெளியே இரு பக்கமும் மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது. லாக்கிங் வயரோ லாக்கிங் கிளிப்போ இருந்தே ஆக வேண்டும். ஸ்டெயின்லெஸ் டெர்மினல் (கேபிளின் முனைப் பொருத்து) துருப்பிடிக்காது என்று நம்பிவிடாதே. 2013-இல் பைப்பர் பி.ஏ.-28 வகை விமானங்களுக்கு வந்த ஏ.டி. (கட்டாயப் பராமரிப்பு உத்தரவு) 2013-02-13, பதினைந்து வருடம் கடந்தவற்றில் ஸ்டேபிலேட்டர் கேபிளின் டர்ன்பக்கிள் பகுதிகளைத் துருவுக்கும் விரிசலுக்கும் பார்க்கச் சொல்கிறது. அது படுக்கை வாலின் கேபிளுக்குப் போட்ட உத்தரவு. ஆனாலும் கடலோரத்தில் வேலை பார்க்கிறவன் ரட்டர் டெர்மினலையும் அதே கண்ணோடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

புல்லியைப் படிக்கக் கற்றுக்கொள், அது நிறையச் சொல்லும். பள்ளம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கேபிள் நேர்கோட்டில் வரவில்லை. ஒரே இடத்தில் மட்டும் வெட்டு விழுந்திருந்தால் புல்லி சுற்றவே இல்லை, கேபிள் அதன் மேல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பள்ளம் முழுவதும் புரியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தால் கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்திருக்கிறது. புல்லியை மட்டும் மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் புதியதும் அப்படியே தேயும். கேபிள் நழுவாமல் தடுக்கும் கார்டு பின் இருக்கிறதா, ஃபேர்லீட் வழியாகப் போகும்போது கேபிள் 3 டிகிரிக்கு மேல் திசை மாறுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடு.

இறுக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 172-இன் ரட்டர் கேபிளைப் பெடல் பக்கத்து ஸ்பிரிங்குகள் இழுத்து வைத்திருக்கின்றன. ஆகவே அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். இறுக்கத்துக்கு எண் கொடுத்திருக்கும் விமானங்களில் டென்ஷியோமீட்டர் வைத்தே அளக்க வேண்டும். விமானத்தின் உடல் அலுமினியம், கேபிள் எஃகு. வெயிலில் அலுமினியம் அதிகம் நீளும், கேபிள் இறுகும். மே மாத மத்தியானம் வெளியே நின்ற விமானத்தை உள்ளே தள்ளியவுடன் அளந்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. விமானமும் ஹேங்கரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அள.

அடுத்து வாலில் ரட்டர் ஸ்டாப். இதை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரட்டர் எந்த அளவுக்கு மேல் திரும்பக் கூடாது என்று தடுப்பது அந்தச் சின்ன போல்ட் தலைகள்தான். செஸ்னா 150, 152 விமானங்கள் விழுந்த இரண்டு விபத்துகளில், ரட்டர் எல்லையைத் தாண்டித் திரும்பி, ஹார்னில் இருக்கும் ஸ்டாப் தகடு போல்ட் தலையைத் தாண்டிக் கொக்கி போட்டாற்போல் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பின்னில் (சுழன்றபடி கீழே விழும் நிலை) இருக்கிற விமானத்தில் ரட்டர் ஒரு பக்கம் முழுதாகச் சிக்கினால் வெளியே வர வழியே இல்லை. 2009-இல் எஃப்.ஏ.ஏ. ஏ.டி. 2009-10-09 வெளியிட்டது: ஸ்பின் முதலிய சாகசங்களைத் தடைசெய்யும் பலகையை ஒட்டு, இல்லாவிட்டால் புதிய ஸ்டாப் கிட் போட்டு, லாக்கிங் வயருக்குப் பதில் ஜாம் நட் (பூட்டும் நட்) போடு என்றது. பயிற்சிக்கு 152 வைத்திருக்கும் இடத்துக்கு நீ போனால், அதன் லாக் புத்தகத்தில் இந்த இரண்டில் எது செய்யப்பட்டது என்று முதலில் தேடு. ஸ்டாப் போல்ட் வளைந்திருக்கிறதா, தலை அமுங்கியிருக்கிறதா, ஹார்ன் தகட்டில் அடி விழுந்த தடம் இருக்கிறதா என்பதை எந்த விமானத்திலும் பார்.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்த காற்று யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட காற்று பின்னாலிருந்து வந்தால் வெளியே கட்டிய விமானத்தின் ரட்டரை ஸ்டாப்பில் மோதி மோதி அடிக்கும். 172-இன் காக்பிட் லாக் ரட்டரைப் பிடித்து வைக்காது. செங்குத்து வாலையும் ரட்டரையும் சேர்த்துப் பூட்டும் வெளிப்பூட்டைப் போட வேண்டும், அதைப் பறப்பதற்கு முன் கழற்றுவதற்குச் சிவப்புத் துணியும் கட்ட வேண்டும். புயலுக்குப் பிறகு ஸ்டாப், ஹார்ன், ஹிஞ்ச் பிராக்கெட், அதைப் பிடிக்கும் ரிவெட்டுகள் எல்லாம் அன்றைக்குப் பறக்கும் முன் பார்க்க வேண்டியவை. ரிவெட்டைச் சுற்றிக் கறுத்த புகை போல் கோடு தெரிந்தால் அது ஆடுகிறது. ஹிஞ்ச் போல்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, நட்டில் காட்டர் பின் இருக்கிறதா என்று விரலால் தொட்டே உறுதி செய். ரட்டரின் அடியில் நீர் வடியும் துளை அடைபட்டிருந்தால் அதையும் திற.

காக்பிட்டுக்குள் குனிந்து பெடலுக்குக் கீழே படுத்துப் பார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் அங்கேதான் பேனா, நாணயம், கழன்ற கார்ப்பெட் விளிம்பு, யாரோ மறந்த ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். பெடல்களைத் தாங்கும் ரட்டர் பாரின் வெல்டிங் இணைப்புகளில் அழுக்கைத் துடைத்துவிட்டு விரிசல் தேடு. அழுக்கின் மேல் விரிசல் தெரியாது.

பெயின்ட் அடிக்க ரட்டரைக் கழற்றினால் மாட்டும் முன் பேலன்ஸ் பார்க்காமல் விடாதே. ஹிஞ்சுக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு பூச்சும் எடை, எல்லை தாண்டினால் ரட்டர் பறக்கும்போது நடுங்கிக் கிழியும். பழைய பூச்சின் மேலேயே அடிக்கிறவர்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை.

கேபிள் மாற்ற வேண்டி வந்தால் ஜார்ஜ் டவுனில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் இரும்புக் கயிறு கிடைக்கும், விலையும் குறைவு. அதைத் தொடக்கூடாது. சி.ஏ. ஃபார்ம் 1 போன்ற விடுவிப்புச் சான்று இல்லாத கேபிளின் இழை என்ன எஃகு என்றே உனக்குத் தெரியாது. புதிதாக முனை அழுத்தினால் கோ/நோ-கோ கேஜால் (அளவு சரியா என்று காட்டும் கருவி) அளந்து, அறுபடும் சுமையில் 60 சதவீதம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். கால்வனைஸ் கேபிளுக்கு அது 1,200 பவுண்ட். அழுத்திய முனையிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நழுவியிருந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

மாட்டி முடித்த பிறகு செய்யும் சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. 2003 ஜனவரி 8, அமெரிக்காவின் சார்லட் நகரம். ஒரு பீச் 1900டி கிளம்பியவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டே போய் விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். இரண்டு இரவுகளுக்கு முன் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கேபிளை ரிக் செய்திருந்தார்கள், அதாவது இழுவையைச் சரிசெய்திருந்தார்கள். செய்முறையில் சில படிகளைத் தாண்டிவிட்டார்கள், டர்ன்பக்கிள் தவறாகத் திருகப்பட்டது, மூக்கைக் கீழே தள்ளும் தூரம் குறைந்துபோனது. எடையும் கணக்கை மீறியிருந்தது. வேலை கற்றுக்கொடுத்தவரே பரிசோதகராகவும் கையெழுத்துப் போட்டவர். படியைத் தாண்டலாம் என்று ஒப்புக்கொண்டதும் அவரே. அது எலிவேட்டர், பெரிய விமானம். ஆனால் கேபிள், டர்ன்பக்கிள், தாண்டிய படி, இரண்டாவது கண் இல்லாமை எல்லாம் நம் ஹேங்கரிலும் இருக்கக்கூடியவை.

ஆகவே கட்டுப்பாட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டினால், அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் முழுதாக, தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நண்பன் சொன்னான் என்று போடும் கையெழுத்து கணக்கில் சேராது. முதலில் திசை. வலது பெடலை அழுத்தினால் ரட்டரின் பின்விளிம்பு வலது பக்கம் போக வேண்டும். காக்பிட்டில் ஒருவர் உரக்கச் சொல்ல, வாலில் ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இது குழந்தைத்தனம் என்று நினைக்காதே. 2018 நவம்பர் 11-இல் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஒரு எம்ப்ரேயர் 190-இல் எய்லிரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) கேபிள்கள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. வானத்தில் உருண்டு புரண்டு, கடைசியில் பேஜா தளத்தில் எப்படியோ இறக்கினார்கள். அடுத்தது தூரம். 172-இன் ரட்டர் ஹிஞ்ச் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் இரு பக்கமும் 17 டிகிரி 44 நிமிடம், ஒரு டிகிரி கூடக் குறைய. நிற்பது ரட்டர் ஸ்டாப்பில்தானா, அதற்கு முன்பே பெடலோ கேபிளோ எங்காவது முட்டி நிற்கிறதா என்று பார். இதைக் கண்ணால் மதிப்பிடாமல் கோணமானியால் அள.

உன் 172-க்கு வருகிறேன். இரண்டாவது முறையும் அதே ஸ்னாக் வந்துவிட்டதால், நான் மேலே சொன்ன வரிசையில் மூக்குச் சக்கரத்திலிருந்து தொடங்கச் சொல்லி உன் சீனியரிடம் கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்காமல் விடாதே. மாலைப் பறப்புக்கு விமானம் வேண்டும் என்று யாராவது நெருக்கினால், முடியாத வேலையை முடியாதது என்றே எழுதி விமானத்தைத் தரையில் வைக்கும் உரிமை கையெழுத்துப் போடுகிறவருக்கு உண்டு. லாக் புத்தகத்தில் "குறை இல்லை" என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதாமல், எதைக் கழற்றினோம், எந்தப் பாகம் வரை சீராக இருந்தது, இரு பக்கமும் எத்தனை டிகிரி வந்தது என்று எழுதச் சொல். மூன்றாவது முறை அந்த ஸ்னாக் வந்தால், அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவர் அந்த வரியிலிருந்து தேடத் தொடங்கலாம்.